நாலு மணிச் சுவர்

காலை ஒன்பது பதினேழு. பாகீரதி மாடிப்படி ஏறி வந்தபோது அவள் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். மடியில் துணிப்பை. கையில் நாலாக மடித்த தாள்.

“பாகீரதி டீச்சரா?”

“ஆமா.”

“நீங்கதானே சண்டையைப் பேசித் தீர்த்து வைக்கிறவங்க?”

இந்தக் கட்டடத்தில் தமிழ் அபூர்வம். மாணவர்கள் மலையாளம், மீட்டிங்குகள் இங்கிலீஷ். பாகீரதி பூட்டில் வைத்த சாவியைத் திருப்பாமல் நின்றாள்.

“யார் சொன்னா அப்படி?”

“இதுல போட்டிருக்கே.”

அவள் தாளைப் பிரித்தாள். பிசினஸ் ஸ்கூலின் வெப்சைட் பக்கம். பேராசிரியர்களின் பெயர், அவர்கள் நடத்தும் பாடம், அவர்களுடைய ஆராய்ச்சி. வித்துராவில் ஏதோ கடையில் பிரிண்ட் எடுத்தது. பாகீரதியின் பெயரைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தது. அதற்கு நேரே: தொழிலாளர் உறவுகள், நிர்வாகத்துடன் பேச்சுவார்த்தை, தகராறு தீர்த்தல்.

அது நாகேஸ்வரன் சாருடைய இருபத்தாறு வருஷ உழைப்பு. பாகீரதி கீழே தேடினாள். நாகேஸ்வரனுக்கு நேரே அவளுடைய வரி உட்கார்ந்திருந்தது. ஃபைனான்ஸ் நடத்தும் சுமந்துக்கு நேரே, குழந்தை உணவு வாங்கும் தாய்மார்களின் மனப்போக்கு.

அவள் ஆபீசுக்கு ஃபோன் போட்டாள்.

“மஹேஷ், வெப்சைட்ல என் பேருக்கு நேரே என்ன இருக்கு, பாரு.”

கீபோர்டு சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது.

“அக்கா…”

இருவருக்கும் ஸ்ரீவராகத்தில் ஒரே தெரு. ஆபீசில் அவன் அவளை மேடம் என்பான். தப்பு செய்திருந்தால்தான் அக்கா.

“பேரெல்லாம் அகரவரிசையில போடச் சொன்னா, அக்கா. பேரை மட்டும் வரிசைப்படுத்திட்டேன் போலிருக்கு. பாக்கியெல்லாம் இருந்த இடத்துலயே இருந்துடுத்து.”

“எத்தனை நாளா?”

“ஒம்பது நாளா.”

“முப்பத்திரண்டு புரொபசர் இருக்கோம். ஒருத்தர்கூடப் பாக்கலையா?”

“அவாவா பேர் இருக்கான்னு பாத்திருப்பா. அதுக்கு மேல யார் படிக்கறா?”

நாகேஸ்வரன் சார் காலை விமானத்தில் டெல்லி போய்விட்டார் என்றும் மஹேஷ் சொன்னான். பாகீரதி ஃபோனை வைத்தாள். பெஞ்சில் இருந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப நீங்க அவர் இல்லையா?”

“இல்லைம்மா. அவர் ஊர்ல இல்லை.”

“அப்ப நீங்க என்ன டீச்சர்?”

“நான் வரிசை.”

“என்ன வரிசை?”

“ஆளுங்க வரிசையில நிப்பாங்கல்ல, பேங்க்ல, டிக்கெட் எடுக்க. எவ்வளவு நேரம் நிப்பாங்க, எப்படிக் குறைக்கலாம்னு கணக்குப் போடுவேன்.”

“அதுக்குப் படிப்பு இருக்கா?”

“இருக்கு. பதினோரு வருஷமா அதைத்தான் பண்றேன்.”

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நாங்க முப்பது வருஷமா நிக்கிறோம்.”

பாகீரதி பூட்டைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டாள். “எங்கே?” என்றாள். “எங்கே நிக்கிறீங்க?”

அவள் பெயர் மாடம்மாள். பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். அம்மாவும் அங்கேயே பறித்தவள். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பாதிக்குக் கூரை போய்விட்டது. இருபத்தெட்டுப் பேர் குடும்பத்தோடு இறங்கி மலையடியில் வித்துராப் பக்கம் வந்துவிட்டார்கள். தினமும் காலை பஸ்ஸில் மேலே போய், சாயந்திர பஸ்ஸில் இறங்குகிறார்கள். அந்தக் கடைசி பஸ் நாலு நாற்பதுக்கு. அதைத்தான் பிடிக்க முடிவதில்லை.

“நாலு மணிக்கு ஊதுவான். எல்லாரும் மூட்டையைத் தூக்கிட்டு நிறுவைக்கு ஓடணும். ஒரே தராசு. அறுபத்துநாலு பேர். முதல்ல ஓடினவளுக்கு பஸ். பிந்தினவ நடந்துதான் இறங்கணும், அத்தனை வளைவும். என் மக கௌசல்யா போன மாசம் ஓடும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டு போச்சு. இப்ப வீட்ல உக்காந்து ஃபோனைத் தோண்டுறா. அவதான் உங்களைக் கண்டுபிடிச்சா.”

“கம்பெனி என்ன சொல்லுது?”

“இன்னொரு தராசு கேட்டோம். இன்னொரு தராசுன்னா அதுக்கு இன்னொரு ஆள், முடியாதுங்கறாங்க. ஆறு மாசமா இதே பேச்சு. கடைசியா சொல்லிட்டாங்க, ஒண்ணாம் தேதியில இருந்து லயத்துல குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான் வேலைன்னு. இன்னிக்கு மூணு மணிக்கு லேபர் ஆபீஸ்ல கடைசிப் பேச்சு. இதுல முடியலைன்னா எங்க இருபத்தெட்டு பேருக்கும் வேலை போச்சு.” அவள் தாளை மடித்தாள். “பேசத் தெரிஞ்ச ஆளா ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். பரவாயில்லை டீச்சர். நான் வரேன்.”

“எத்தனை மணிக்கு வந்தீங்க இங்கே?”

“எட்டுக்கு முன்னாடியே வந்துட்டேன். வாட்ச்மேன் உக்காரச் சொன்னார். எங்களுக்குப் பழக்கம்தான், தினம் காலையில உக்காந்துட்டுத்தானே இருக்கோம்.”

பாகீரதி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணிக்கு அவளுக்கு வகுப்பு. விமான நிலையக் கவுண்டர்களைப் பற்றி நாற்பத்தோரு ஸ்லைடு தயாராக இருந்தது. ஆறு வருஷமாக அதே ஸ்லைடு.

“ஒரு மூட்டை நிறுக்க எவ்வளவு நேரம் ஆகும்?” என்றாள்.

“எண்ணினது இல்லையே.”

“இப்ப எண்ணுவோமா?”

அவள் தன் கைப்பையை மேஜை மேல் வைத்தாள். அது மூட்டை. புத்தக அலமாரியின் கொக்கி தராசு. மாடம்மாள் முதலில் கூச்சப்பட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூக்கினாள், மாட்டினாள், முள் நிற்கக் காத்தாள், சூப்பர்வைசர் குரலில் எடையைச் சொன்னாள், அவர் நோட்டில் எழுதுவதுபோல் காற்றில் நிதானமாக எழுதினாள், இறக்கினாள். ஐந்து தடவை. பாகீரதி ஃபோனில் நேரம் பிடித்தாள். சராசரி எழுபத்தைந்து விநாடி.

“மாடம்மா, என் கிளாசுக்கு வரீங்களா?”

“நானா? எதுக்கு?”

“நாற்பது பேர் இருக்காங்க. எல்லாருக்கும் கால்குலேட்டர் இருக்கு. யாருக்கும் வரிசை கிடையாது.”

* * *

வகுப்பில் மாடம்மாள் உட்காரவில்லை. பலகைக்குப் பக்கத்தில் பையை அணைத்துக்கொண்டு நின்றாள். பாகீரதி லேப்டாப்பைத் திறக்காமல் மார்க்கரை எடுத்தாள். விஷயத்தை மூன்று நிமிஷத்தில் சொன்னாள். மாடம்மாள் எஸ்டேட் மலையாளத்தில் இடையிடையே திருத்தினாள்.

பாகீரதி குறுக்கே ஒரு கோடு போட்டாள். அது நேரம். நாலு மணியில் செங்குத்தாக ஒரு கோடு ஏற்றினாள், அறுபத்துநாலு வரை. அதன் உச்சியிலிருந்து சரிவாக இறக்கினாள். சரிவு ஐந்து இருபதில் தரையைத் தொட்டது.

“இது சுவர்,” என்றாள். “நாலு மணிச் சுவர். அறுபத்துநாலு பேரும் ஒரே நிமிஷத்துல வராங்க. தராசு இந்தச் சரிவுலதான் இறங்க முடியும். நடுவுல இருக்கிற முக்கோணம் பூரா காத்திருப்பு. எவ்வளவு?”

முன்வரிசையில் ஆர்யா கையைத் தூக்காமலே சொன்னாள். “நாற்பத்திரண்டு மணி நேரத்துக்கு மேலே, மேம்.”

மாடம்மாள் திரும்பினாள். “ஒரு நாளைக்கா?”

“ஒரு நாளைக்கு. எல்லாரும் நிக்கிறதைக் கூட்டினா.”

“ஒரு நாளே இருபத்துநாலு மணிதானே, மோளே.”

வகுப்பு சிரித்தது. மாடம்மாள் சிரிக்கவில்லை. முக்கோணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோசனைகள் வந்தன. எலக்ட்ரானிக் தராசு வாங்கலாம் என்றான் ஒருவன்.

“இருந்தது. கரண்ட் இருக்கும்போது ஓடும். மழைக்காலம் பூரா மூடி வெச்சிருந்தோம்.”

பஸ்ஸைக் கொஞ்ச நேரம் தள்ளி விடச் சொல்லலாம் என்றான் இன்னொருவன்.

“நீயே போய்ச் சொல்லிட்டு வா. அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்க்கலாம்.”

கீழே போகிறவர்களை முதலில் நிறுக்கட்டும் என்றாள் ஆர்யா. பாதி வகுப்பு தலையாட்டியது. மாடம்மாள் தலையாட்டவில்லை.

“பறிச்ச கொழுந்து வாடும் மோளே. ஈரம் போகப் போக எடை குறையும். நாலு மணிக்கு இருபது கிலோ நின்னது அஞ்சு மணிக்கு நிக்காது. தினம் நாங்க முதல்ல எடை போட்டா லயத்துக்காரங்களுக்கு தினம் நஷ்டம். அவங்களும் எங்க சனம்தான். சம்மதிக்க மாட்டாங்க. சம்மதிக்கவும் கூடாது.”

பாகீரதி பலகையை விட்டு நாலடி பின்னால் வந்து பார்த்தாள். பதினோரு வருஷமாக அவள் வரைந்த படம்தான். எப்போதும் முதல் ஆள் வரிசைக்கு வரும் நொடியில் தொடங்கும். கட்டுரைகளிலும் அப்படித்தான் எழுதுவாள். கோட்டின் இடது பக்கம் காலியாக இருக்கும். அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

தினம் காலையில உக்காந்துட்டுத்தானே இருக்கோம்.

“மாடம்மா,” என்றாள். குரல் உயர்ந்துவிட்டது அவளுக்கே தெரிந்தது. “காலை பஸ் எஸ்டேட்டுக்கு எத்தனை மணிக்குப் போகும்?”

“ஏழே காலுக்கு.”

“அங்கிருந்து?”

“பத்து நிமிஷம் நடை. ஏழு இருபத்தஞ்சுக்கு ஷெட்டுக்கிட்ட இருப்போம்.”

“வேலை எத்தனை மணிக்கு?”

“எட்டுக்கு. லயத்துக்காரங்க எட்டுக்குத்தான் வருவாங்க.”

“அதுவரைக்கும் என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்ணுவோம்? உக்காந்திருப்போம். பேன் பார்ப்போம்.”

“ஏன் பறிக்க ஆரம்பிக்கிறதில்லை?”

மாடம்மாள் அவளைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். “இசக்கிப்பாண்டி அண்ணாச்சிதான் சூப்பர்வைசர். எட்டு அடிச்சாத்தான் நோட்டைத் திறப்பார். பத்தொன்பது வருஷமா எட்டு. நோட்டுல பேர் ஏறாம கொழுந்தைத் தொட்டா அது களவு.”

பாகீரதி பலகையின் இடது பக்கத்துக்கு ஓடினாள். நிஜமாகவே ஓடினாள். காலியான இடத்தில் ஏழு இருபத்தைந்து என்று எழுதினாள். பக்கத்தில் எட்டு.

“முப்பத்தஞ்சு நிமிஷம்! இருபத்தெட்டுப் பேர் முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து உக்காந்திருக்காங்க. முன்னாடி ஆரம்பிச்சா?”

“முன்னாடி முடிப்பாங்க!” நாலைந்து குரல்.

“மூணு இருபத்தஞ்சுக்கு!”

“இருபத்தெட்டு மூட்டை, ஆளுக்கு எழுபத்தஞ்சு விநாடி, எவ்வளவு ஆகும்?”

ஆர்யா எழுந்தே விட்டாள். “முப்பத்தஞ்சு! மேம், இதுவும் முப்பத்தஞ்சு! சரியா நாலு மணிக்குத் தராசு காலி!”

பாகீரதி சுவரை அழித்தாள். அதன் இடத்தில் இரண்டு சின்னச் சுவர் எழுப்பினாள். மூன்று இருபத்தைந்தில் ஒன்று, நாலில் ஒன்று. இரண்டு சின்ன முக்கோணம். ஒன்று முடியும் இடத்தில் மற்றது தொடங்கியது. லயத்துக்காரர்கள் முப்பத்தாறு பேருக்கும் நாலே முக்காலுக்கு முடிந்துவிடும். இப்போது ஐந்து இருபது. யாரும் யாரையும் முந்தவில்லை. அவரவர் பறித்து முடித்ததும் அவரவர் நிறுவை.

“மொத்தம் இருபத்தொண்ணரை மணி நேரம்தான்,” என்றான் தராசு வாங்கச் சொன்னவன். “பாதி!”

“சூப்பர்வைசருக்கு?” என்றாள் பாகீரதி. “அவர் முன்னாடி வரணுமே?”

“முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடி வராரு, முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாடி போறாரு,” என்றாள் ஆர்யா. “அவருக்கு ஒரு நிமிஷம்கூட அதிகமில்லை.”

வகுப்பு மேஜைகளைத் தட்டியது. பக்கத்து அறையிலிருந்து சுமந்த் எட்டிப் பார்த்தார்.

“என்ன ஆச்சு?”

“ஒண்ணுமில்லை. நீங்க குழந்தை உணவு பாருங்க.”

அவர் புரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மாடம்மாள் பலகைக்கு அருகே போனாள். இரண்டு சின்ன முக்கோணத்துக்கும் நடுவில் விரலை வைத்தாள். “இந்த இடத்துல நான் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பிடுவேனா?”

“நாலு மணிக்கு. பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் இருக்கும்.”

“ஓட வேண்டாம்?”

“வேண்டாம்.”

அவள் பையைத் திறந்து ஃபோனை எடுத்துப் பலகையைப் படம் பிடித்தாள். மகளுக்கு அனுப்பினாள்.

* * *

இரண்டு மணிக்கு ஆட்டோவில் போகும்போது நாகேஸ்வரன் டெல்லியிலிருந்து கூப்பிட்டார்.

“பாகீரதி, மஹேஷ் எல்லாம் சொன்னான். இப்பத்தான் புரியறது. போன வாரம் ஒரு ஆஸ்பத்திரியில கூப்பிட்டா. ஓ.பி. வரிசையைப் பத்திப் பேசணும்னா. எனக்கு ஏன்னு புரியலே. போய் ஒரு மணி நேரம் பேசினேன்.”

“என்ன சார் பேசினேள்?”

“நிக்கறச்சே சண்டை போட்டுக்காம இருக்கறது எப்படின்னு. கை தட்டினா.” அவர் இருமினார். “சரி, லேபர் ஆபீஸ்ல நீ என்ன பேசுவே?”

“பேசமாட்டேன் சார். படம் காட்டுவேன்.”

லேபர் ஆபீசர் ஸ்மிதா இளம்பெண். மேஜை மேல் தடித்த ஃபைல். எதிரே எஸ்டேட் மானேஜர் பிஜி, இஸ்திரி கலையாத சட்டையில். அவருக்குப் பின்னால் தள்ளிப் போட்ட நாற்காலியில் ஒல்லியாக, நெற்றியில் திருநீற்றோடு, ரெக்சின் பையை மடியில் வைத்துக்கொண்டு இசக்கிப்பாண்டி. பைக்குள் தினமும் ஆட்களின் பேர் ஏற்றும் மஸ்டர் நோட்டு. அதை அவர் எங்கேயும் விட்டுவிட்டுப் போவதில்லை என்று மாடம்மாள் ஆட்டோவிலேயே சொல்லியிருந்தாள்.

“இது யார்?” என்றார் பிஜி.

“காலேஜ் டீச்சர்,” என்றாள் மாடம்மாள். “தராசு வேண்டாம்னு சொல்ல வந்திருக்காங்க.”

பிஜி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பாகீரதி தாளை விரித்தாள். இரண்டு படம், பழையதும் புதியதும். ஆறு வாக்கியம் சொன்னாள். ஏழாவது வாக்கியம் தொண்டை வரை வந்தது, அதை அப்படியே விழுங்கினாள். பிஜி ஃபோனை எடுத்துத் தானே பெருக்கிப் பார்த்தார். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை. முகத்தில் ஏதோ இளகியது. அதை அவர் உடனே சரிசெய்துகொண்டார்.

“எட்டுக்கு முன்னாடி கொழுந்துல பனி இருக்கும். நனைஞ்ச கொழுந்துக்கு எடை கூடும். ஃபாக்டரி ஏத்துக்காது.”

“எட்டு அடிச்சதும் பனி காஞ்சிடுதா சார்?” என்றாள் மாடம்மாள். “ஒன்பது வரைக்கும் கை நனையத்தான் பறிக்கிறோம். அதுக்குத்தானே மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிக்கிறீங்க? கழிச்ச அந்த ரெண்டு கிலோ யார் கணக்குல போகுது?”

ஸ்மிதா தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்கத்தான்.

“தராசு வேண்டாம், ஆள் வேண்டாம்,” என்றாள் பிறகு. “வேலை அதே எட்டு மணி நேரம். ஆறு மாசத்துல இந்த ஃபைலில் இப்படி ஒண்ணு வந்ததே இல்லை. பிஜி சார், வேற தடை இருக்கா?”

பிஜி தாளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் பின்னால் திரும்பினார்.

“எனக்கு ஒண்ணுமில்லை. நோட்டு அவர் கையில. அவர் சரின்னா எனக்கும் சரி. இல்லைன்னா ஒண்ணாம் தேதிதான்.”

தாள் கைமாறிப் பின் நாற்காலிக்குப் போனது. இசக்கிப்பாண்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆறு மாசப் பேச்சில் யாரும் அவரிடம் ஒன்றும் கேட்டதில்லை. மூன்று தடவை டீ கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் பழைய சரிவில் விரலை வைத்தார். அது மெதுவாக ஐந்து இருபதுக்கு இறங்கியது. பிறகு புதிய சரிவுக்கு வந்தது. நாலே முக்காலில் நின்றது. மறுபடி இடது பக்கம் போனது, ஏழு இருபத்தைந்துக்கு. அங்கேயே இருந்தது.

பாகீரதி அந்த விரலையே பார்த்தாள். எண்ணில் குறை இல்லை. ஒரு நிமிஷம்கூட அதிகமில்லை. ஆனால் அந்த மனிதருடைய பத்தொன்பது வருஷ எட்டு மணியை அவள் எந்தக் கோட்டிலும் வரையவில்லை.

மாடம்மாள் எழுந்தாள். நாற்காலியைச் சுற்றி வந்து அவர் முன்னால் நின்றாள்.

“அண்ணாச்சி, நாளைக்கு ஏழு இருபத்தஞ்சுக்கு நாங்க இருபத்தெட்டு பேரும் ஷெட்டு வாசல்ல நிப்போம். நீங்க நோட்டைத் திறப்பீங்களா?”